ஒருவருக்கு நினைவு, மற்றவருக்குச் சான்று: பிரிட்டனின் பழைய தெருக்கள்

பிரிட்டனில் இன்று எங்கு திரும்பினாலும் 'அந்தக் காலம்' கண்ணில் படுகிறது. விடியற்காலையில் வந்து வாசற்படியில் கண்ணாடிப் புட்டிகளை வைத்துச் செல்லும் பால்காரர், கரியடுப்பின் கதகதப்பு, பேருந்துக்குள் நடந்தபடியே சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் நடத்துநர், தெருமுனைக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைத்த மிட்டாய், 1953-இல் அரசியின் முடிசூட்டு விழாவுக்காகத் தெருவை அடைத்து மேசை போட்டு உண்ட விருந்து, பூட்டப்படாத கதவுகள். இவற்றை அச்சிட்ட நாட்காட்டிகளும் தேநீர்க் கோப்பைகளும் விற்பனையாகின்றன. 1957-ஆம் ஆண்டின் கிழக்கு லண்டனில் தொடங்கும் மருத்துவச்சிகளின் கதையைப் பிபிசி 2012 முதல் ஒளிபரப்பி வருகிறது. 1960-களின் யார்க்ஷர் கிராமக் காவலர்களைப் பற்றிய 'ஹார்ட்பீட்' தொடர் 1992 முதல் 2010 வரை ஓடியது. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, எவரும் எப்போதும் எடுக்காத 1970-களின் தெருக்காட்சிகளைக்கூட ஆக்கிச் சமூக ஊடகங்களில் உலவவிடுகிறார்கள்.

இந்த ஏக்கத்தின் இயல்பை விளக்க ஒரு சுவரொட்டி போதும். பதற்றமின்றி வேலையைத் தொடருமாறு மக்களைக் கேட்டுக்கொண்ட அந்தப் போர்க்காலச் சுவரொட்டி 1939-இல் இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்டது. ஏறக்குறைய எங்கும் ஒட்டப்படாமலேயே கழித்துக் கட்டப்பட்டது. 2000-இல் ஆனிக் நகரத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் அதன் படி ஒன்று கிடைத்தது. அதன் பிறகே அது போர்க்கால பிரிட்டனின் அடையாளமாக உலகெங்கும் பரவியது. போரை வாழ்ந்து கடந்த தலைமுறையில் மிகப் பெரும்பாலோர் பார்த்திராத ஒன்று, அத்தலைமுறையின் நினைவாக இன்று போற்றப்படுகிறது.

இதில் நமக்கு என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். பழைய பால்புட்டியை நினைத்து ஒருவர் பெருமூச்சு விடுவதில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அந்தப் பெருமூச்சு இப்போது அரசியலாகியிருக்கிறது. 2025 மே மாதத்தில் குடியேற்றக் கொள்கையை அறிவித்த பிரதமர் கீர் ஸ்டார்மர், நாடு அந்நியர்கள் வாழும் தீவாக மாறிவிடும் ஆபத்து இருப்பதாகப் பேசினார்; அந்தச் சொற்களுக்காக அடுத்த மாதமே வருத்தமும் தெரிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பர்மிங்காம் உள்ளிட்ட பல நகரங்களின் விளக்குக் கம்பங்களில் கொடிகள் ஏறின. செப்டம்பர் 13-ஆம் நாள் டாமி ராபின்சன் என அறியப்படும் தீவிர வலதுசாரியின் அழைப்பில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் லண்டனில் திரண்டனர். திரும்பப் பெற வேண்டியதாக அக்கூட்டம் கருதுவது ஏதோ ஒரு சட்டத்தையன்று, ஒரு தெருவை. எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்ததாகச் சொல்லப்படும் தெருவை.

அந்தத் தெருவைப் பற்றி நாம் எழுப்ப விரும்பும் கேள்வி ஒன்றுதான். அதே தெருவில் வாழ்ந்தவர்களுள் ஒருவருடைய அன்றாட வாழ்வு எவ்விதச் சான்றும் கேட்கப்படாமல் ஒரு நாட்டின் நினைவாக ஏற்கப்படுகிறது. மற்றவருடைய அன்றாட வாழ்வோ ஆண்டுக்கணக்கில் ஆவணம் காட்டி மெய்ப்பிக்கப்பட வேண்டியதாகிறது. இந்தப் பாகுபாடு எப்படி நிகழ்கிறது?

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். இந்த ஏக்கத்தின் அடியில் உண்மையான இழப்பும் உண்டு. 1948 ஜூலை 5-இல் தொடங்கிய தேசிய நலவாழ்வுச் சேவை, ஏழைக்கும் கட்டணமின்றி மருத்துவம் கிடைக்கும் என்ற உறுதியைத் தந்தது. உள்ளாட்சி அமைப்புகள் கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்ட வீடுகள், உழைக்கும் குடும்பங்களுக்கு முதன்முறையாகக் குளியலறையைத் தந்தன. 1980-இல் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம், குடியிருப்போர் அவ்வீடுகளைத் தள்ளுபடி விலையில் வாங்க வழி செய்தது. விற்கப்பட்டவற்றுக்கு ஈடாகப் புதியவை கட்டப்படவில்லை. சுரங்கமும் ஆலையும் மூடப்பட்ட ஊர்களில் தந்தைக்குக் கிடைத்த வேலை மகனுக்கு இல்லை. அங்கே வாழும் வெள்ளைத் தொழிலாளர் பழைய நாள்களை நினைத்து ஏங்கினால் அதை வெறும் மாயை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. கரியடுப்பின் கதகதப்போடு 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய நச்சுப்புகையும் சேர்ந்தே வந்தது; அதில் மாண்டவர்கள் 4,000 பேர் என்று அன்றும், ஏறக்குறைய 12,000 பேர் என்று பிற்கால ஆய்வுகளிலும் கணக்கிடப்பட்டது. 1966-இல் வேல்ஸின் ஏபர்ஃபானில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளியை மூடியதில் 116 குழந்தைகள் இறந்தனர். வெள்ளை ஏழைகளின் இத்துயரங்களும் தேநீர்க் கோப்பைகளில் அச்சாவதில்லை என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

பேருந்து நடத்துநரை எடுத்துக்கொள்வோம். பிரிஸ்டல் நகரப் பேருந்துகளில் 1963 வரை கறுப்பரோ ஆசியரோ நடத்துநராகவோ ஓட்டுநராகவோ முடியாது. பணிமனையில் துப்புரவுக்கும் உணவகத்தில் வேலைக்கும் மட்டுமே அவர்களை எடுத்தார்கள். நிறுவனம் மட்டுமன்றி, போக்குவரத்துத் தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் இந்த 'நிறத்தடை'யின் பக்கம் நின்றது. பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞரும் மேற்கிந்தியத் தீவினரும் அவ்வாண்டு ஏப்ரலில் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினர். ஆகஸ்ட் 28-இல் நிறுவனம் இறங்கி வந்தது. செப்டம்பரில் நடத்துநராகச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாதவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். அந்தப் பழைய இரட்டைத்தட்டுப் பேருந்தின் படத்தை நினைவுப்பொருளாக வாங்குபவர், படத்தில் உள்ள நடத்துநர் ஏன் வெள்ளையராக இருக்கிறார் என்று யோசிப்பதில்லை. அந்த முகம் அங்கே தற்செயலாக வந்ததன்று. ஒரு தடையின் விளைவு அது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 'கறுப்பு நாடு' என்று அழைக்கப்படும் தொழிற்பகுதி உள்ளது. நிலக்கரியாலும் ஆலைப்புகையாலும் வந்த பெயர் அது. அங்கே டட்லி நகரில் திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய கடைகள், வீடுகள், பட்டறைகள் ஆகியவற்றை அங்கே மீண்டும் எழுப்பி, அக்காலத்து உடையணிந்த பணியாளர்களை நிறுத்தியிருக்கிறார்கள். அண்மையில் 1940-கள் முதல் 1960-கள் வரையிலான காலத்துக்குரிய தெருக்களையும் சேர்த்து, வால்வர்ஹாம்ப்டனில் இருந்து இடிந்துபோன பழைய பப் ஒன்றையும் அச்சு அசலாகக் கட்டியுள்ளனர். பப் என்பது வெறும் மதுக்கடையன்று, வேலை முடிந்த தொழிலாளி அண்டை வீட்டாரைச் சந்திக்கும் கூடம். அங்கிருந்து சில மைல் தொலைவில்தான் ஸ்மெத்விக் உள்ளது. 1964-இல் வெளிப்படையான இனவெறிப் பரப்புரையின் நடுவே, தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர் பேட்ரிக் கார்டன் வாக்கரைக் கன்சர்வேடிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸ் அங்கே தோற்கடித்தார். ஊரின் சில பப்களில் இந்தியருக்கும் கறுப்பருக்கும் சில அறைகளில் மது பரிமாற மறுத்தார்கள். மார்ஷல் தெருவில் விற்பனைக்கு வரும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக் குடியிருப்பாளர் சிலர் கேட்டனர். நகராட்சியும் அதற்கு ஆயத்தமாயிற்று. நடுவணரசு கடனுக்கு ஒப்புதல் தர மறுத்ததால்தான் அது நடக்காமல் போனது. 1965 பிப்ரவரி 12-இல் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் நடந்தார். அடுத்த ஒன்பதாம் நாள் நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தனித் தெரு, தனிக் குவளை, தனி அறை என்பவற்றை அறிந்த நமக்கு இவை புதிய செய்திகளல்ல. நாம் கவனிக்க வேண்டியது, சட்டம் இவற்றை எவ்வளவு தயங்கித் தயங்கித் தொட்டது என்பதையே. 1965-இன் இன உறவுகள் சட்டம் உணவகம், பப், திரையரங்கு, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடை செய்தது. வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டது. அதாவது, கறுப்பர் பப்பில் அமரலாம், அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. வீட்டிலும் வேலையிலும் பாகுபாடு நிலவுகிறது என்பதற்கு முறையான ஆதாரம் வேண்டும் என்றார்கள். 1967-இல் ஓர் ஆய்வு நிறுவனம் ஆங்கிலேயர், ஹங்கேரியர், மேற்கிந்தியத் தீவினர் என மூவகைச் சோதனையாளரை ஒரே வாடகை வீட்டுக்கும் ஒரே வேலைக்கும் அனுப்பிப் பார்த்தது. ஹங்கேரியரைவிட மேற்கிந்தியத் தீவினருக்கே கதவுகள் பெருமளவில் அடைபட்டன. அடிபட்டவர்கள் இருபதாண்டுகளாகச் சொல்லிவந்ததை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் அரசு நம்பியது. 1968-இல் சட்டம் விரிவாக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் வால்வர்ஹாம்ப்டன் தென்மேற்குத் தொகுதியின் உறுப்பினர் ஈனக் பவல் 1968 ஏப்ரல் 20-இல் பர்மிங்காமில் தம் பெயர்போன உரையை நிகழ்த்தினார். குருதி ஓடும் ஆற்றைப் பற்றிய அதன் இறுதிப் படிமமே எங்கும் பேசப்படுகிறது. அந்த உரையின் நடுவில் இருப்பதோ அமைதியான தெரு ஒன்றும் முதிய வெள்ளைக் கைம்பெண் ஒருவரும். போரில் கணவரையும் பிள்ளைகளையும் இழந்து, தம் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த அவரைச் சுற்றி, தெரு கறுப்பர் தெருவாக மாறிவிட்டதாகப் பவல் சொன்னார். கறுப்பருக்கு அறை தர மறுக்கும் உரிமையைப் புதிய சட்டம் அவரிடமிருந்து பறித்துவிடும் என்பதே அக்கதையின் முறையீடு. அந்த அம்மையார் யார் என்று அன்றைய செய்தியாளர்கள் தேடினர், கண்டுபிடிக்க முடியவில்லை. பவலும் பெயரைச் சொல்லவில்லை. சான்றே காட்டப்படாத அந்தத் தெரு, மூன்றே நாளில் லண்டன் துறைமுகத் தொழிலாளரை அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றம் நோக்கி ஊர்வலம் போக வைத்தது. 1960 முதல் 1963 வரை பவல்தான் நலவாழ்வுத் துறை அமைச்சர். அப்போது அவருடைய துறையின் மருத்துவமனைகளை இந்தியத் துணைக்கண்ட மருத்துவர்களும் மேற்கிந்தியத் தீவுச் செவிலியர்களும் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

உணவு மேசையும் ஓய்வுநேரமும் இதற்கு விலக்கல்ல. கறுப்பரைக் கேலிசெய்யும் பொம்மை முகத்தை ராபர்ட்சன் நிறுவனம் தன் பழக்கூழ்ப் புட்டிகளில் 1910-களிலிருந்து 2001 வரை அடையாளச் சின்னமாகப் பயன்படுத்தியது. புட்டிச் சீட்டுகளைச் சேர்த்து அனுப்பி அந்தப் பொம்மைச் சட்டைவில்லையைப் பெற்றுக்கொள்வது பல தலைமுறைக் குழந்தைகளின் விளையாட்டு. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடி ஆடிய நிகழ்ச்சியொன்றைப் பிபிசி 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. அதை நிறுத்துமாறு 1967-இல் மனு கொடுக்கப்பட்டது. அதற்குப் பின்னும் பதினோராண்டு அது ஓடியது. அந்த மாலைகளைக் குடும்பமாகக் கூடிச் சிரித்த மாலைகள் என்று நினைவுகூர்வோர் உண்டு. அதே மாலைகளில் அதே தெருவின் வேறொரு வீட்டில், மறுநாள் பள்ளியில் தன்னை என்ன சொல்லி அழைப்பார்களோ என்று நினைத்தபடி ஒரு குழந்தை அதைப் பார்த்திருக்கும்.

இனி, நம் கேள்வி மிகக் கூர்மையாக வெளிப்படும் இடத்துக்கு வருவோம். 1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் டில்பரி துறையை அடைந்தது முதல் 1970-களின் தொடக்கம் வரை, காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்தவர்களுள் பலர் பிரிட்டனின் குடிமக்களாகவே வந்தனர். பெற்றோரின் கடவுச்சீட்டில் வந்த குழந்தைகளிடம் தனி ஆவணம் எதுவும் இல்லை. அன்று அது தேவைப்படவும் இல்லை. அவர்கள் பள்ளிக்குப் போனார்கள், ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்தார்கள், வரி கட்டினார்கள், பெயரக் குழந்தைகளைப் பார்த்தார்கள். 2012 முதல் தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்து வகுத்த 'பகைச் சூழல்' கொள்கையின் கீழ் முதலாளியும் வீட்டுக்காரரும் வங்கியும் மருத்துவமனையும் ஆவணம் கேட்கத் தொடங்கினர். ஐம்பதாண்டு வாழ்ந்தவரிடம் அவர் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே சான்று கேட்டது உள்துறை அமைச்சகம்; ஆண்டுக்கு நான்கு சான்றுகள் வரை கேட்கப்பட்டவர்களும் உண்டு. சம்பளச் சீட்டு, பள்ளிக் கடிதம், பல் மருத்துவரின் பதிவேடு, வாடகைப் புத்தகம். 1974-இல் கட்டிய வாடகைக்கான ரசீதை யார் எடுத்து வைத்திருப்பார்கள்?

அவர்கள் நாட்டுக்குள் நுழைந்த நாளைக் காட்டும் வருகைப் பதிவு அட்டைகளை உள்துறை அமைச்சகமே 2010-இல் அழித்துவிட்டிருந்தது. 2018 ஏப்ரலில் இது வெளியே வந்தது. அதே மாதம் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். தவறாக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டிருக்கக் கூடியவர்கள் 83 பேர் என்று அரசே பின்னர்க் கணக்குக் காட்டியது. வேலையிழந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள், தாயின் இறுதிச் சடங்குக்குக் கரீபியன் சென்று திரும்ப முடியாமல் போனவர்கள் என்று பாதிக்கப்பட்டோர் இன்னும் மிகப் பலர். இவர்களும் அதே கண்ணாடிப் புட்டியில் பால் வாங்கியவர்கள்தாம், அதே மூன்று அலைவரிசைகளைப் பார்த்தவர்கள்தாம். 1960-களின் அன்றாட வாழ்வைப் பற்றித் தொடர்களும் அருங்காட்சியகங்களும் பெருகிய ஆண்டுகளிலேயே, அந்த அன்றாட வாழ்வை வாழ்ந்தவர்களின் தாள்கள் ஓர் அரசு அலுவலகத்தின் அடித்தளத்திலிருந்து குப்பைக்குப் போயின. 2025 மே மாதத்து வெள்ளை அறிக்கை, நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்தாண்டாக உயர்த்தப் பரிந்துரைக்கிறது. ஆவணங்களைச் சேர்த்து வைக்க வேண்டிய ஆண்டுகள் இன்னும் கூடுகின்றன.

ஏக்கத்துக்கு அரசு எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம். பிரெக்சிட்டுக்குப் பின் பழைய நீலநிறக் கடவுச்சீட்டு மீண்டது. அதை அச்சிடும் ஒப்பந்தம் பிரெஞ்சு நிறுவனமொன்றுக்குப் போக, வெற்றுப் புத்தகங்கள் போலந்தில் உருவாகின்றன. கடைகளில் பவுண்டு, அவுன்ஸ் அளவைகளை மீண்டும் கொண்டுவரலாமா என்று 2022-இல் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். அவர்களுள் 98.7 விழுக்காட்டினர் இப்போதுள்ள மெட்ரிக் முறையே போதும் என்றனர். அரசியல்வாதிகள் நினைக்கும் அளவுக்கு மக்கள் ஏங்கவில்லை போலும்.

1948 என்ற ஆண்டுக்கு மீண்டும் வருவோம். ஜூனில் விண்ட்ரஷ், ஜூலையில் நலவாழ்வுச் சேவை. அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் இந்திய அரசமைப்பு அவையில் வரைவு அரசமைப்பை முன்வைத்துப் பேசினார். அரசமைப்பு கிராமத்தை அடித்தளமாகக் கொள்ளவில்லை என்று குறைகூறியவர்களுக்கு, கிராமம் குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிய இடமே என்று அவர் பதில் சொன்னார். இந்தியப் படிப்பாளிகளின் கிராமக் காதல் எங்கிருந்து வந்தது என்பதையும் சுட்டிக்காட்டினார். இந்தியக் கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று 1830 வாக்கில் புகழ்ந்தெழுதியவர் சார்லஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி. ஆலைகள் பெருகி வந்த இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் இந்தியக் கிராமத்தில் மாறாத அமைதியைக் கண்டார். அந்த அமைதிக்கு வெளியே குடியிருத்தப்பட்டவர்கள் அவர் வருணனையில் இல்லை. காந்தியர்கள் அந்தச் சித்திரத்தையே தம் இலட்சியமாக ஏற்றார்கள். கடந்தகாலத்தின் அன்றாட வாழ்வைப் போற்றுபவர் எந்த வாசலில் நின்றுகொண்டு அதைப் பார்க்கிறார் என்று கேட்கும் முறையை நமக்குக் கற்றுத்தந்தவர் அம்பேத்கர். ஊரின் அழகைப் பாடியவர்களிடம் அவர் சேரியைப் பற்றிக் கேட்டார்.

அந்தக் கேள்வியை வெள்ளையரிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள முடியாது. பிரிட்டனில் குடியேறிய தெற்காசியர்களுக்கும் ஓர் ஏக்கம் உருவாகியிருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் பஞ்சாபிலிருந்து வந்த ஆண்கள் பர்மிங்காம், வால்வர்ஹாம்ப்டன், கவென்ட்ரி நகரங்களின் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலைகளில் வெந்தார்கள். ஒரே வீட்டில் பலர் தங்கி, இரவுமுறை முடித்து வருபவர் பகல்முறைக்குப் போனவரின் படுக்கையில் உறங்கினார்கள். நிறத்தடையை ஒன்றாக எதிர்த்தார்கள். 1967-இல் வால்வர்ஹாம்ப்டன் பேருந்து ஓட்டுநர் ஒருவர் தலைப்பாகை அணியும் உரிமைக்காகத் தொடங்கிய போராட்டத்தில் 1969-இல் வென்றார்கள். லெஸ்டரின் இம்பீரியல் தட்டச்சு ஆலையில் 1974-இல் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய தொழிற்சங்கக் கிளையே அவர்களைக் கைவிட்டது. இவையெல்லாம் பெருமைக்குரிய வரலாறு, ஐயமில்லை. 'அன்று நாம் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்' என்று அந்தத் தலைமுறை சொல்வதில் பெருமளவு உண்மையும் உண்டு.

ஆனால் அதே ஆலைகளுக்கு ரவிதாசியர்களும் வால்மீகிகளும் வந்திருந்தார்கள். உலையின் முன் ஜாட்டும் தலித்தும் ஒரே கூலிக்கு நின்றார்கள். வேலை முடிந்தபின் குருத்வாராவின் நிர்வாகத்திலும் திருமணப் பேச்சிலும் ஊர்ப்பெயரை விசாரிக்கும் உரையாடலிலும் பஞ்சாபின் கிராமம் திரும்பி வந்தது. தலித்துகள் தமக்கெனச் சபைகளை அமைத்தது ஏதோ தனித்த விருப்பத்தால் அன்று. இன்று பிரிட்டனின் நகரங்களில் உள்ள ரவிதாசர் கோயில்களும் வால்மீகி கோயில்களும் அம்பேத்கரிய பௌத்த விகாரைகளும், சமமாக நடத்தப்படாத இடங்களிலிருந்து வெளியேறியவர்கள் தம் கூலியிலிருந்து பணம் சேர்த்துக் கட்டியவை. பேருந்து நிறுவனமொன்றில் மேல்சாதிப் பணியாளரும் தலித் பணியாளரும் சேர்ந்து பணியாற்ற நேராதபடி நேர அட்டவணையையே மாற்றியமைத்த நிகழ்வு தலித் அமைப்புகளால் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. பேருந்தில் நிறத்தடையை உடைத்தவர்களுக்குள்ளேயே இப்படியொரு தடை இருந்திருக்கிறது. 'நாம் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்' என்ற வாக்கியத்தில் உள்ள 'நாம்' யாரென்று கேட்டால், சபையை உடைப்பதாகக் குற்றம் சாட்டுகிறார்கள்.

இங்கும் சான்று கேட்கப்பட்டது. 2010-இன் சமத்துவச் சட்டம், இனம் என்ற வரையறைக்குள் சாதியைச் சேர்க்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது; சேர்க்கவில்லை. முதலில் ஆதாரம் வேண்டும் என்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் அரசுக்காக நடத்திய ஆய்வு, வேலையிலும் சேவைகளிலும் கல்வியிலும் சாதிப் பாகுபாடும் துன்புறுத்தலும் நிகழ்வதற்கு ஆதாரம் உண்டு என்றது. 2013-இல் பிரபுக்கள் அவையின் வற்புறுத்தலால், சாதியைச் சேர்ப்பது அரசின் கடமை என்று சட்டமே ஆயிற்று. பிறகு நாடெங்கும் கருத்துக் கேட்டார்கள். 16,000-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. சாதி என்பது பழைய நாட்டோடு போய்விட்டது, இங்கே பிறந்தவர்களுக்கு அது தெரியாது, சட்டத்தில் எழுதினால்தான் அது உயிர்பெறும் என்று இந்து அமைப்புகள் பலவும் சீக்கிய அமைப்புகள் சிலவும் வாதிட்டன. 2018 ஜூலையில் அரசு பின்வாங்கியது. நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது.

அது சுட்டிய தீர்ப்பு எத்தகையது? பீகாரிலிருந்து மில்டன் கீன்ஸ் நகருக்கு வீட்டு வேலைக்காக அழைத்துச் செல்லப்பட்ட ஆதிவாசிப் பெண் ஒருவர் நான்கரை ஆண்டுகள், நாளொன்றுக்கு 18 மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை வாங்கப்பட்டார். மணிக்கு 11 பென்ஸ் கூலி. தரையில் விரித்த மெத்தையில் படுக்கை. சாதி தொடர்பான முறையீடு, சூழலைப் பொறுத்து, இனத்தின் ஒரு கூறான மரபினத் தோற்றத்துக்குள் அடங்கலாம் என்று 2014 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. அடுத்த ஆண்டு அவருக்கு ஏறக்குறைய 1,84,000 பவுண்டு ஊதிய பாக்கி வழங்க ஆணையிடப்பட்டது. இந்த அளவு கொடுமையை அடைந்து, வழக்குத் தொடுத்து, மேல்முறையீடு வரை சென்றால் 'அடங்கலாம்' என்ற ஒரு சொல் கிடைக்கிறது. முதிய தலித் ஒருவரைக் குளிப்பாட்ட மறுக்கும் பராமரிப்பாளரையோ, அலுவலகத்தில் குடும்பப் பெயரைக் கேட்டுச் சிரிப்பவரையோ எதிர்த்து அப்படி யார் வழக்காடப் போகிறார்கள்?

அம்பேத்கரின் நினைவுக்கே அனுமதி தேவைப்பட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். 1921-22-இல் லண்டன் பொருளியல் பள்ளியில் படித்தபோது அவர் தங்கியிருந்த பிரிம்ரோஸ் ஹில், 10 கிங் ஹென்றீஸ் சாலை வீட்டை 2015-இல் மகாராட்டிர அரசு வாங்கி நினைவகமாக்கியது. குடியிருப்புக்கான இடம் குறைகிறது என்று காரணம் சொல்லிக் கேம்டன் உள்ளாட்சி மன்றம் 2018-இல் நினைவகத்துக்கு ஒப்புதல் மறுத்தது. மேல்முறையீட்டுக்குப் பின் 2020 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. லண்டனில் தங்கிச் சென்ற பெரியோரின் வீடுகளில் நீல வட்டப் பலகை மாட்டிக் கொண்டாடுவது அந்நகரத்தின் வழக்கம். அதே நகரத்தில் இந்த ஒரு வீட்டின் நினைவு விசாரணை மன்றம் வரை போக வேண்டியிருந்தது.

வால்வர்ஹாம்ப்டனில் 'அப்னா' என்ற பெயரில் ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. 1960 முதல் 1989 வரை அங்கு வாழ்ந்த பஞ்சாபியரின் குடும்பப் புகைப்படங்களை இரண்டாயிரத்துக்கும் மேல் சேகரித்துக் காப்பகமாக்கியுள்ளனர். வெள்ளையரின் நினைவு மட்டுமே நகரத்தின் நினைவாக இருந்த நிலையை இத்தகைய பணிகள்தாம் மாற்றும். அக்காலத்தில் குடியேறியோர் ஊருக்கு அனுப்ப எடுத்த படங்களை நாமும் கண்டிருக்கிறோம். கோட்டும் கழுத்துப்பட்டையும், மணிக்கட்டில் தெரியும்படி கட்டிய கடிகாரம், பக்கத்தில் ஒரு வானொலிப் பெட்டி. அந்தப் படங்களில் எவர் ஜாட், எவர் ரவிதாசியர் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி எடுத்துக்கொண்டவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். எந்தச் சபையிலிருந்து ஏன் வெளியேறினோம், எந்தப் பப்பில் யார் நம்மோடு அமர மறுத்தார்கள், முதல் கோயிலுக்கு வாரக்கூலியில் எத்தனை ஷில்லிங் ஒதுக்கினோம் என்பதையெல்லாம் அவர்களுடைய வாய்மொழியும், சபைகளின் பழைய குறிப்பேடுகளும்தான் சொல்ல முடியும். அவர்களுள் எஞ்சியிருப்பவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. பதிவு செய்யும் வேலையை அங்குள்ள அம்பேத்கரிய இளைஞர்கள் இந்தச் சில ஆண்டுகளுக்குள் செய்தாக வேண்டும். 2013-இல் சட்டமான கடமையோ இன்றுவரை நிறைவேற்றப்படவில்லை.